சுற்றவாளி

களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றம்.
எனக்கு முன்னால் பதினேழு பேர்.
தலைக்கவசமில்லாத இருவர்,
தங்கூசி வலைக்காரர் ஒருவர்,
கோடாப் பரல் வைத்திருந்த ஒருத்தி
கொட்டாவி விடுகிறாள்.

என் வழக்கு ஒரு வடைத்தட்டு.
மூடாமல் வைத்ததாம், மாசி பன்னிரண்டில்,
பின்னேரம் நாலேகாலுக்கு.
கண்ணாடி முந்தின நாள்தான் உடைந்தது;
புதியது வெட்டித் தர
கல்முனைக் கடைக்காரன் புதன் வரை கேட்டான்.
சுகாதாரப் பரிசோதகர் செவ்வாயே வந்துவிட்டார்.

"நல்லரெத்தினம் தேவசிகாமணி!"

கூண்டுக் கட்டையில்
ஆயிரம் கை பிடித்த வழுவழுப்பு.
வாசித்தார்கள். கேட்டார்கள்:
சுற்றவாளியா, குற்றவாளியா?

ஒரு எழுத்துத்தான்.
சு என்றால் தவணை,
தவணைக்கு மேல் தவணை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கடை பூட்டு,
சட்டத்தரணிக்குக் காசு,
கண்ணாடிக்காரனைச் சாட்சிக்கு இழுக்க வேண்டும்,
அவன் வரமாட்டான்.
கு என்றால் மத்தியானத்துக்குள் முடியும்;
பின்னேர அடுப்பு மூட்டலாம்.

கு என்று தொண்டை தானாகக் கூட்டிவிட்டது;
மிச்சத்தைத்தான் நான் சொன்னேன்.

நீதவான் நிமிரவில்லை.
"இப்ப மூடி இருக்குதா?"
"இருக்குது ஐயா."
ஐயாயிரம்.

கருமபீடத்தில் பற்றுச்சீட்டு.
பேரைப் பார்த்தேன்: தேவசிகமணி.
ஒரு அரவு விழுந்துபோயிருக்கிறது.
திருத்தச் சொல்லலாம்,
அதற்கும் ஒரு வரிசை நிற்கிறது.
மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

குற்றவாளி தேவசிகமணி
காசு கட்டிவிட்டுப் போகிறான்.
நான் சைக்கிளை எடுத்தேன்;
உழுந்து ஊறியிருக்கும்.