பக்கு

சாட்சி சொல்வதைத் தட்டச்சு செய்வது என் வேலை.
அம்பாசமுத்திரம் கோர்ட்டில் பதினோரு வருஷம்.
வெட்டு, குத்து, வரப்புத் தகராறு,
வாய்க்கால் மடையைத் திருப்பிவிட்டது,
எல்லாவற்றுக்கும் என் விரல்களிடம் சொல் உண்டு.

அன்று கூண்டில் பிரம்மசக்தி.
முக்கூடல். பீடி சுற்றுகிறவள்.
வீரவநல்லூர் வளைவில்
லோடு ஆட்டோவோடு கொம்பையா நசுங்கிய வழக்கு.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்டார்:
"தகவல் உமக்கு எப்பம்மா தெரியும்?"

"ஒம்பதே காலுக்கு போன் வந்துது.
ஆனா எட்டரைக்கே பக்குன்னு ஆயிட்டு."

வக்கீல் சிரித்தார்.
நீதிபதி சிரிக்கவில்லை.
அதற்குள் நான் 'அச்சமாக இருந்தது' என்று அடித்திருந்தேன்.
வாசித்துக் காட்டினேன்.

"அச்சம் இல்லைய்யா.
ராத்திரி நாய் குலைச்சா அது அச்சம்.
குலைச்சுக்கிட்டே கெடந்த நாய்
பாதியில நிறுத்திச்சின்னா,
அது."

அழித்தேன். 'பதற்றம்.'

"பதறுனா கை ஓடாதுல்லா.
எனக்கு ஓடிச்சு.
எலைய வைக்கேன், சுருட்டுதேன், மடக்குதேன்.
கட்டுப் போடும்போதுதான் பாக்கேன்,
பத்துப் பன்னெண்டு பீடி
தூளே இல்லாம சுத்தியிருக்கேன்."

'திகில்' என்று அடித்துப் பார்த்தேன்.
சினிமா போஸ்டர் மாதிரி நின்றது.
அவள் வாயைத் திறக்குமுன் நானே அழித்தேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அந்தம்மா சொன்ன சொல்லையே போடுங்க."

போட்டேன்.
சிவப்பாக அடிக்கோடிட்டது கம்ப்யூட்டர்.

இரவு சோற்றுத் தட்டின் முன்னால் யோசித்தேன்.
எங்கள் வீட்டில் பக்கு என்றால்
புண் ஆறும்போது மேலே கட்டுகிற ஓடு.
மகன் முழங்காலில் இருக்கிறது ஒன்று,
பிய்க்காதே என்று தினமும் ஏச்சு.
அது காயத்துக்குப் பிறகு வருவது.
இவளுடையது முன்னால் வந்துவிட்டது,
காயம் வந்து சேர முக்கால் மணி நேரம் இருக்கையில்.

அப்புறம் அந்த 'என்று'.
பக் தனியாக நிற்காது,
என்று என்பதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.
'என்று' இருந்தால் சொன்னவர் ஒருவர் இருக்க வேண்டும்.
எட்டரைக்கு அவளிடம் சொன்னது யார்?
குறுக்கு விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை.

ரெண்டு மாசம் கழிந்தது.
தீர்ப்பைச் செவ்வாய்க்கிழமை அடித்துக் கொடுத்தேன்.
சொல்வது வியாழக்கிழமை.
நடுவில் புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில்
பீடி இலைப் பையோடு அவள்.

"டைப் அடிக்கிற ஐயாதானே?"

"ஆமா. முக்கூடல் வண்டி இன்னைக்கு லேட்டு,
ரோட்டுல குழாய் பதிக்காங்க,
அஞ்சே முக்கால் வண்டியும் அப்படித்தான்,
நாளைக்கு வேணும்னா நீங்க வெள்ளனவே"

என்று சொல்லிக்கொண்டே வந்தவன்
நாளைக்கு என்ற சொல் காதில் விழுந்து
பாதியில் நிறுத்தினேன்.

அவள் எதுவும் கேட்கவில்லை.
என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.
கை மட்டும் முந்தானை நுனியைப் பிடித்துச்
சுருட்ட ஆரம்பித்தது,
சுருட்டி, மடக்கி, சுருட்டி,
இலையில்லாமல்
தூளில்லாமல்.