கூட்டக் குறிப்பேட்டில் சேர்க்காதவை

செவ்வாய்க்கிழமை, காலை எட்டு.
வந்தவர்கள் பதினொருவர். நாய் ஒன்று.
வர இயலாதவர் ஓட்டிலி: முழங்கால்.
இதுவரை குறிப்பேட்டில் இருக்கிறது.

கேப் டவுனிலிருந்து இரண்டரை மணி நேரம்,
மலை கடலை உரசிக்கொண்டு திரும்புகிற ஊர்.
நகராட்சி எங்களுக்குத் தந்தது
மூன்று ஏக்கர் சரிவு, ஒரு பம்ப்,
பொதுத் தாவரவியல் தோட்டம் என்றொரு பலகை.
தோட்டக்காரரைத் தரவில்லை.
சாவி இறைச்சிக்கடையில் தொங்குகிறது.
ஆகவே நாங்கள்:
வங்கிக் கணக்கை முடித்துவிட்டு வந்த மக்னஸ்,
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வரும் தாண்டெகா,
மீன் ஆலையில் இரவு வேலை முடித்து
வாடை போகாத கைகளோடு பேசில் ஃபோர்ட்டைன்,
எதையும் பிடுங்குமுன் மன்னிப்புக் கேட்கிற கெர்ஹார்ட்.

மன்னிப்பு, வேலங்கன்றுகளிடம்.
ஆஸ்திரேலியாவிலிருந்து யாரோ
மணலைக் கட்டிப்போடக் கொண்டுவந்தார்கள்.
மணலைக் கட்டிற்று. பிறகு எங்களையும்.
வாரம் முந்நூறு பிடுங்குகிறோம்.
மண் முந்நூற்றொன்று தருகிறது.

ஆகஸ்டில் புரோட்டியா பூத்தபோது
யாரோ வெட்ட ஆரம்பித்தார்கள்.
ஒடித்தல் அல்ல, வெட்டு:
கணுவுக்கு மேலே, சாய்வாக,
மழைநீர் தங்காதபடி.
நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தருகிற அதே வெட்டு.
கவனித்தேன். வாயைத் திறக்கவில்லை.

வேலி போடலாம் என்றார் மக்னஸ்.
மீட்டருக்கு எவ்வளவு என்று தாளில் இருந்தது.
எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே
என்று கேட்டாள் தாண்டெகா.
வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்.
எங்களிடம் சாட்சி இருந்தது,
நீலத்தலையோடு, பாறைமேல்
தண்டால் எடுத்துக்கொண்டு.
வேலிதான் இல்லை.

ஆதரவு ஐந்து. எதிர்ப்பு ஐந்து.
பேசில் எதற்கும் கை தூக்கவில்லை.
தேநீர்க் கோப்பையின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அன்று நான் கல்லறை வழியாக வீடு திரும்பினேன்.
தாகம் தணிந்த புல். புதிய மேடு ஒன்று.
கல் வாங்க இன்னும் காசு சேரவில்லைபோல;
மரக்குச்சியில் அலுமினியத் துண்டு அறைந்திருந்தது,
நாங்கள் செடிகளுக்குப் பெயர் பொறிக்கிற அதே துண்டு.
எங்கள் அச்சுகளில் ஆர் எழுத்து மட்டும்
குடித்தவன்போல வலப்பக்கம் சாயும்.
அங்கும் சாய்ந்திருந்தது.
ரொசெல்லா. பத்தொன்பது வயது.
ஜாம் பாட்டிலில் மூன்று புரோட்டியா,
மூன்றும் சாய்வாக வெட்டியவை.

மறு செவ்வாய், நிரலில் நான்காவதாகச் சேர்த்தேன்:
கல்லறையை ஒட்டிய சரிவில்
புரோட்டியா ஆறு, வெட்டுவதற்கென்றே நடுவது.
வாக்கியம் முடியுமுன் வழிமொழிந்தாள் தாண்டெகா.
மக்னஸ் விலைத்தாளை நான்காய் மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கடியில் வைத்தார்.
கெர்ஹார்டு எவரையும் பார்க்கவில்லை.
எனக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும் என்பது
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பூக்க நான்கு வருடம் ஆகுமே, என்றார் ஒருவர்.
அதுவரை பழைய செடியிலேயே
வெட்டுகிறவர் வெட்டட்டும்,
மண்வெட்டியிடம் சொன்னாள் தாண்டெகா.

குழிகளைப் பேசிலே வெட்டினார்.
தேவைக்கு மேல் ஆழமாக.
யாரும் திருத்தவில்லை; கொஞ்சம் மண்ணைத்
திரும்பத் தள்ளினோம், அவ்வளவுதான்.
என்ன பெயர்ப்பட்டை என்று மக்னஸ் கேட்க வாயெடுத்து,
நாயைக் கூப்பிட்டார்.

குறிப்பேட்டில் உள்ளபடி:
வேலி, ஒத்திவைப்பு.
பம்ப், மறுபடியும் பழுது.
புரோட்டியா, ஆறு, நட்டாயிற்று.
வேலங்கன்று, முந்நூற்றுப் பன்னிரண்டு.
அடுத்த வாரம் ரஸ்க் கொண்டுவருவது பேசில் முறை.
கிழமையை மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை.