மூன்றாம் இணைப்பு

வுப்பர்டாலில் தொழிலாளர் நீதிமன்றம் ஆற்றோரம் இருக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே ரயில் தொங்கிக்கொண்டே போகும்.
நான் மொழிபெயர்ப்பாளன்.
மணிக்கு எண்பத்தைந்து யூரோ, பயணச் செலவு தனி.
கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று
சத்தியம் செய்தவன்.

ரொட்டித் தொழிற்சாலையில், பொதி கட்டும் பிரிவில்
பதினொரு வருடம் நின்ற சாந்தரூபி
ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்று நாற்பதுக்கு
வேலை அட்டவணையைப் படம் பிடித்து
முகநூலில் போட்டிருக்கிறாள்.
மேலே ஒரே ஒரு வரி:
'கட்டையில போவான், திரும்பவும் நாலு ஞாயிறும் எனக்கே போட்டிட்டான்.'
பூட்டுப் போடாத பதிவு.
அடுத்த வாரம் அவளுடைய கதவு அட்டை வேலை செய்யவில்லை.

கம்பெனி வக்கீல் ஒரு தாளை நீட்டினார்.
கணினி சொன்னது: 'அவன் மரக்கட்டையில் பயணிப்பான்.'
அதன் கீழே, விஷயம் தெரிந்த யாரோ, பென்சிலால்:
'அவனைச் சிதையில் ஏற்றுவேன்.'
மேற்பார்வையாளர் பிரிங்க்மான்
கைகளை மடியில் வைத்தபடி இரண்டையும் நம்பினார்.
மூன்று வாரமாய் அவருக்குத் தூக்கம் இல்லையாம்.

நீதிபதி என்னைப் பார்த்தார்.
இது கொலை மிரட்டலா?

எப்படிச் சொல்வது.
பொங்கி அடுப்பை நனைத்த பாலுக்கும் இதுதான் பேச்சு.
பிந்தி வரும் பஸ்ஸுக்கும்,
பல் விளக்காமல் படுத்த பிள்ளைக்கும்,
காசு வாங்கிப் போன மைத்துனனுக்கும்.
(மைத்துனன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உண்மையாகவே.)

கட்டை என்றால் விறகு என்றேன்.
எந்த விறகு என்றார். சுடலை விறகு என்றேன்.
அறை கொஞ்சம் குளிர்ந்தது.
ஆனால் இந்த வாக்கியத்தில் ஏற்றுகிறவர் யாரும் இல்லை,
போகிறவன் மட்டும்தான் இருக்கிறான்,
அவனும் தன்பாட்டில் போகிறான் என்றேன்.
நீதிபதி ஒலிப்பதிவுக் கருவியை வாயருகே பிடித்து
அதை அப்படியே சொல்லிப் பதிந்தார்.

வக்கீல் விடவில்லை.
அட்டவணையில் இன்னும் இருபது பேரின் பெயர்,
யார் நோய் விடுப்பு, எத்தனை நாள்,
எல்லாம் ஊர் பார்க்கக் கிடந்தது என்றார்.
'அதை நான் யோசிக்கேல்லை' என்றாள் சாந்தரூபி.
அதை மொழிபெயர்க்க அகராதி தேவைப்படவில்லை.

பிறகு மூன்றாம் இணைப்பைப் புரட்டச் சொன்னார்கள்.
பதிவின் அடியில் முப்பத்தேழு பெருவிரல்.
யார் யாருடையது என்று விரித்த பட்டியல், நிறமில்லாத அச்சு.
கலியாண மாலைகள், பிள்ளை முகங்கள், ஒரு ரோஜா,
பன்னிரண்டாவதாய்
கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்.

சத்தியமாய் நினைவில்லை.
எங்கோ ஒரு வரிசையில் நிற்கையில்
விரல் தன்பாட்டில் போயிருக்கும்.
கூட்ட மாட்டேன் என்றவன்
முப்பத்தாறோடு ஒன்றைக் கூட்டியிருக்கிறேன்.
வெளியே ஒரு ரயில் போனது. இன்னொன்றும் போனது.

கையை உயர்த்தினேன்.
'இந்தப் பன்னிரண்டாவது ஆள்' என்று ஜெர்மன் மொழியில் தொடங்கி
முடித்து,
அவளுக்காக மறுபடி தமிழில் சொன்னேன்.
எனக்கு நானே மொழிபெயர்ப்பாளன், முதல் தடவை.
அதற்குக் கூலி கேட்கவில்லை.

வழக்கு ஏழு வாரம் தள்ளிப்போனது.
வேறு மொழிபெயர்ப்பாளர் வர வேண்டும்.
ஏழு வாரமும் அவளுக்குச் சம்பளம் இல்லை.
இதை நான் கையை உயர்த்திய பிறகுதான் நினைத்தேன்.

வாசல் படியில் அவள் என்னைக் கடந்து இறங்கினாள்.
போகிற போக்கில், உதட்டோடு,
அதே இரண்டு சொல்.
எனக்கா,
பின்னால் கோட்டை மாட்டிக்கொண்டு வந்த பிரிங்க்மானுக்கா,
கதவு மூடிக்கொண்டு அப்போதுதான் நகர்ந்த ரயிலுக்கா,
பதினைந்து வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன்,
தெரியவில்லை.