தூவி

ஐக்ஷ்டெட்டில் முதல் பனி விழுந்த செவ்வாய்க்கிழமை
கோட்டுக்குள் ஒரு பலகைக்கல்லை அணைத்தபடி
துர்சுன் வந்தார்.
"கூரைக்குக் கழித்த கல். ஓரத்தில் ஏதோ பல்லி."

பல்லி மாதிரிதான் இருந்தது.
கோழிக்குஞ்சு நீளம். திறந்த வாய்.
பாதி வால் கல்லின் விளிம்போடு போயிருந்தது.
சுற்றிலும் கறுப்புப் பெரணிகள்.
பெரணி இல்லை, மாங்கனீசு:
விரிசலில் ஊறிய நீர் பொழுதுபோகாமல் வரைந்தது.
வருடத்துக்கு நாற்பது பேராவது
இறகு, இறகு என்று இதைத்தான் தூக்கி வருகிறார்கள்.
நாற்பது பேருக்கும் சொல்வதை
இவருக்கும் சொன்னேன்.

துர்சுன் போகவில்லை.
பெயரே அப்படி.
முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால்
'இருக்கட்டும்' என்று அவர்கள் மொழியில்
அவருக்கு வைத்தது.

சரி என்று விளக்கை அணைத்து
புற ஊதாவைப் பிடித்தேன்.
பெரணிகள் அணைந்தன.
எலும்பு வெளிறிய நீலமாய் எழுந்து வந்தது.
பிறகு வாலடியில்,
நான் ஊசி வைக்கப் பயந்த இடத்தில்,
மஞ்சளாய் ஓர் ஓரம்.
இழை இழையாய்.
நடுத்தண்டு இல்லை, கிளை இல்லை,
குளிரில் இப்போதுதான் சிலிர்த்தது போல.

பறக்க அதில் ஒன்றுமே இல்லை.
அக்கம்பக்கமெல்லாம் வெப்பக் கடல்தான்;
இருந்தாலும் சின்ன உடம்புக்கு
இரவு எப்போதும் பெரிது.

படிவத்தில் ஒரு கட்டம்: கண்டது என்ன?
ஃபேடர் என்று எழுதினேன். அடித்தேன்.
சிறகு என்றால் ஆகாயம் கேட்கும்.
இறகு என்றால் தண்டு கேட்கும்.
மயிர் நம்முடையது.
தூவி, என்றேன் வாய்க்குள்.
அதை எழுத அந்தக் கட்டத்துக்குத்
தமிழ் தெரியாது.
கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

என் கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.
அறை சூடாகத்தான் இருந்தது.

"முப்பத்தொரு வருடம்
கூரைக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறேன்" என்றார் துர்சுன்,
"இந்த விளக்கு இல்லாமல்.
எத்தனை போயிருக்கும்?"

ஜன்னலுக்கு வெளியே
பழைய வீடுகளின் தலையிலெல்லாம் அந்தக் கல்தான்,
பலகைமேல் பலகையாய், முகம் கவிழ்த்து.
மேலே பனி ஏறிக்கொண்டிருந்தது.
கீழே யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

எண்ணிக்கை என்னிடம் இல்லை.
ரசீது எழுதிக் கொடுத்தேன், தேதி போட்டு.

கல் இருந்த இடத்தில்
அவர் கோட்டின் உட்புறம் வெள்ளையாய்ப் பொடி.
தட்டிவிடாமல்
பொத்தானைப் போட்டுக்கொண்டார்.