பத்து வருடத்தில் ஒரு ராத்திரி

பார்மர் மண் கூரியரில் வந்திருக்கிறது,
பாலித்தீன் பையில், பி-14 என்று எழுதி.
காய்ந்திருக்கும்வரை கல்.
பாட்டில் மூடியளவு தண்ணீர் ஊற்றினேன்,
கெட்ட செய்தி கேட்டவன் மாதிரி
பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

"மழையே பெய்யாத ஊரில்
தடுப்புச் சுவருக்கு எதற்கு மேடம் இத்தனை ஓட்டை?"
போனில் சோலங்கி, காண்டிராக்டர்.
குழாய், பின்னால் ஜல்லி, வடிதுணி,
அவருக்கு எல்லாமே காசு.

பத்து வருடத்தில் ஒரு ராத்திரி பெய்யும், சோலங்கிஜி.
அந்த ராத்திரிக்குத்தான் வரைகிறேன்.
மிச்ச நாளெல்லாம் சுவர் சும்மா நிற்கட்டும்.

பெல்லந்தூரில் என் கேப் மூன்றாம் முறை ரத்தாகிறது.
கீழே பேஸ்மெண்டில்
யாரோ காசு மிச்சம் பிடித்த சுவரில்
தண்ணீர் தானே ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு
நிதானமாக உள்ளே வருகிறது.
வாட்ச்மேன் பீரப்பா அதற்கு
ஒரு பக்கெட் வைக்கிறார்.