முழங்கை மடிப்பிலிருந்து விரல் மடிப்பு வரை

வாட்ஸோவிலிருந்து லீவில் வந்த கேதாரன்
என் வேலைமேசையில் இரண்டு படங்களை வைத்தான்.
ஒன்று கடையில் கிடக்கிற ரைபிள்,
பதினெட்டாயிரம் குறோணர், கேட்டால் நாளைக்கே கையில்.
மற்றது ஆளுக்கு அளவெடுத்து ஒருவர் செய்து தருவது,
எழுபதாயிரம், பதினாலு மாதம் காத்திருக்கவேணும்.
"எது நல்லது, சொல்லு."

துவக்கைப் பற்றி என்னிடம்
யாழ்ப்பாணத்தில் ஒருத்தரும் யோசனை கேட்டதில்லை.
நான் கால் செய்கிறவள்.
ஆசுப்பத்திரிக்குப் பின்னால், ஒழுங்கை முடிகிற இடத்தில்,
தலைமயிரெல்லாம் பிளாஸ்டர் தூசு.
அவன் என் ஒன்றுவிட்ட தம்பி, பனியில் மான் சுடுகிறவன்.
வருசத்துக்கு ஒன்று, அதுவும் சீட்டிழுப்பில் பெயர் விழுந்தால்.
தைப்பொங்கல் தாண்டியும்
அந்த இறைச்சியில் தூள் போட்டுக் கறி வைப்பார்களாம்.

வலது சுட்டுவிரலில் பாதி இல்லை.
சலூனில், கல்யாணவீட்டில், வங்கி வரிசையில்
அதைப் பார்த்ததும் ஆட்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள்.
அது மீன் பக்ரறி மெசின்.
காப்புறுதிக் காசில் படகு வாங்கினான்,
இடதுகையால் சுடப் பழகினான்.
இடதுகைக்காரருக்குக் கடையில் இரண்டே வகை.
பிடங்கு கன்னத்துக்கு எட்டாது, தோளில் இடறும்.

"பக்ரறிக் குழல் மோசமில்லை.
நூறு மீற்றரில மூண்டு குண்டும்
அஞ்சு ரூபாய்க் குற்றிக்குள்ள அடங்கும்.
அந்த மனிசன் செய்தா
குற்றியில இருக்கிற இலக்கத்துக்குள்ளேயே விழுமாம்."

அலுமாரியைத் திறந்து காட்டினேன்.
முழங்கால் மூட்டு ஜேர்மனியிலிருந்து பெட்டியில் வரும்,
ஆயிரமும் ஒன்றுபோல.
அதைவிட நன்றாக என்னால் ஒருநாளும் கடைய முடியாது.
குழி மட்டும் பெட்டியில் வராது.
தொடையின் மிச்சம் காலையில் ஒரு பருமன், பின்னேரம் ஒன்று.
குழி சரியில்லாவிட்டால் எந்த மூட்டும்
வீட்டு மூலையில் குடையோடு நிற்கும்.

"குழலைக் கடையில வாங்கு.
பிடங்கை அளவுக்குச் செய்வி."

சிரித்தான். இதைச் சொல்ல
அங்கே ஒருத்தன் மணிக்கூலி கேட்டவனாம்.

"எவ்வளவு தூரத்தில சுடுவாய்?"
"முந்நூறு. அதுக்கு மேல மாட்டன்.
அறுநூறில குண்டு போய்ச்சேர முக்கால் செக்கன் தாண்டும்.
அதுக்குள்ள மான் பாசிக்கு ஒரு அடி வைச்சிடும்.
நெஞ்சில பட வேண்டியது வயித்தில.
பிறகு விடியவிடிய இரத்தத்தைப் பாத்துக்கொண்டு நடக்கவேணும்."
"சத்தம்?"
"சத்தம் பிந்தித்தான் போகும்."

இதை எனக்கு முதலில் சொன்னது அவன் இல்லை.
போன மாசியில் புதுக்குழிக்கு வந்த பவளராணி,
கம்பியைப் பிடித்து நடந்துகொண்டே,
பஸ் நேரம் சொல்வதுபோல:
"நான் முதல் விழுந்திட்டன், பிள்ளை.
வெடி பிறகுதான் கேட்டது."
அது எத்தனை மீற்றர் என்று எவரும் அளக்கவில்லை.
கேதாரனுக்கு நான் சொல்லவுமில்லை.
தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்திருந்தது.

பிறகு சட்டைக்கையை மடிக்கச் சொன்னேன்.
முழங்கை மடிப்பிலிருந்து
இடது சுட்டுவிரலின் முதல் மடிப்பு வரை
முப்பத்துநாலு சென்ரிமீற்றர், அரை குறைவு.
தோளெலும்புக்குக் கீழே பள்ளம்.
கன்னத்திலிருந்து கண்ணின் உயரம்.
பனிச்சட்டை போடுகிறவன், அதற்கு ஒன்று கழிக்கவேணும்.

எழுத என்னிடம் இருப்பது ஒரே படிவம்.
பெயர், கேதாரநாதன். பக்கம், இடது.
காரணம் என்ற இடத்தில் அச்சடித்த கட்டங்கள்:
மிதிவெடி, செல், சூடு, வீதிவிபத்து,
சீனி வருத்தம், பிறவி, மற்றவை.
இப்போது சீனிதான் கூட.
பேனை சூடு என்ற கட்டத்துக்கு மேலே
கொஞ்சநேரம் நின்றுவிட்டது.

"என்ன யோசிக்கிறாய்?"
"ஒண்டுமில்லை. கையை ஆட்டாத."

திரும்பவும் முதலிலிருந்து அளந்தேன்.
இந்தமுறை இரண்டு மில்லிமீற்றர் கூட.