ஓரக் குறிப்பு

"தொண்ணூறு நாளில் வீட்டில் எலி பார்த்தீர்களா?"

பிராங்ஸ், நாலாம் மாடி.
யொகாஸ்தா பெரால்ட்டா:
இல்லை.

கேட்கப் போனவள் பென்சிலில்
ஓரமாய்க் கிறுக்கியிருக்கிறாள்:
அரிசி கண்ணாடிப் புட்டியில்.
அடுப்பின் பின்னே இரும்புநார் அடைத்திருக்கிறது.
தொட்டில் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி.
வாடகை ஒப்பந்தம் ஜூனில் முடிகிறதாம்.

ஓரத்துக்கு என்னிடம் கட்டம் இல்லை.
பூஜ்யம் போட்டேன்.

பார்க் அவென்யூவில் ஒருவர்
ஒற்றைச் சுண்டெலிக்கு
மூன்று பக்கம் புலம்பியிருக்கிறார்.
அது ஒன்று.

சென்ற முறையைவிட இரண்டு சதவீதம் சரிவு.
"எலி குறைந்தது" என்று எழுதி, அழித்து,
"எலி உண்டு என்று சொன்னவர்கள் குறைந்தார்கள்" என்றேன்.

வாக்கியம் நீளம் என்று
வெட்டித் திருப்பினார் மேலாளர்.
மிஞ்சியது பழைய இரண்டு சொல்.
நடுவில்
கொறித்த தடம்.